புரோநோட்டு வழக்கு, ஈ-ஃபைலிங்: ரிட்டர்ன் ஆகாமல் நம்பர் ஆக ஆவணங்களை எப்படித் தயாரிப்பது?

நோட்டுவழக்கு (கேள்வி)

சார்பு நீதிமன்றத்தில் பணவசூல் வழக்கு, நீதிமன்றங்களின் இணையவழித் தாக்கல் போர்ட்டலான ஈ-ஃபைலிங் 3.0 வழியாகத் தாக்கல். புரோநோட்டின் பேரில் வழக்கு. அசலும் வட்டியும் சேர்த்துக் கோருவது 5,20,000 ரூபாய். வாதி ஒருவர், நோட்டில் சேர்ந்து கையெழுத்திட்ட பிரதிவாதிகள் இருவர்.

கையில் இருப்பவை: புரோநோட்டு ஒரிஜினல் (பின்பக்கம் ஒரு வரவு, அதாவது பணம் கட்டிய குறிப்பு, எழுதியிருக்கிறது), வக்கீல் நோட்டீஸின் ஆபீஸ் காப்பி, தபால் ரசீது இரண்டு, ஒப்புகை அட்டை ஒன்று, வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்த உறை ஒன்று, வங்கி மின்னஞ்சலில் அனுப்பிய கணக்கு விவரம், பணம் தருகிறேன் என்று முதல் பிரதிவாதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்.

முதல் ரிட்டர்ன் (குறை காட்டித் திருப்பியது): ஆவணங்கள் தெளிவாக இல்லை, பட்டியலில் சொன்ன பக்கமும் பி.டி.எஃப். பக்கமும் ஒத்துவரவில்லை. திருத்திப் புதிதாக இன்னொரு தாக்கல் தொடங்கிப் போட்டதற்கு இரண்டாவது ரிட்டர்ன்: கோர்ட் ஃபீ ரசீது ஏற்கப்படவில்லை, தமிழ்ப் பிராதில் (வழக்குரையில்) எதைத் தேடினாலும் வரவில்லை.

நோட்டுத் தேதியிலிருந்து மூன்று வருஷம் முடிய 19 நாள் இருக்கிறது. ஸ்கேன் செய்யும் சரியான முறை, ஒரிஜினலை எப்போது கொடுப்பது, ஃபீ, காலக்கெடு, வாட்ஸ்அப் செய்திகளை எப்படிச் சேர்ப்பது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்கேன்மேசை

முதல் ரிட்டர்னுக்குக் காரணம் ஸ்கேனர் இல்லை, வேலையின் வரிசை. பெரும்பாலும் எல்லாரும் முதலில் ஸ்கேன் செய்து, பிறகு பட்டியல் தட்டச்சு செய்து, கடைசியில் பக்க எண் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கட்டு முழுவதையும் மேசையில் அடுக்கி, பென்சிலால் ஒரே தொடர் எண் போட்டு, அந்த எண்ணை வைத்துப் பட்டியல் தயாரித்து, அதற்கப்புறம் ஸ்கேனரைத் திறங்கள். காகிதக் கட்டின் 23-ஆம் பக்கம் பி.டி.எஃபிலும் 23-ஆம் பக்கமாகவே இருக்க வேண்டும். பட்டியலுக்கும் முகப்புத் தாளுக்கும் தனி எண் கொடுத்தால் இங்கேதான் இரண்டு மூன்று பக்கம் நழுவும்; அவற்றையும் தொடர் எண்ணிலேயே சேர்த்துவிடுங்கள். போர்ட்டலில் பிராது ஒரு கோப்பு, ஆவணங்கள் வேறு கோப்புகள் என்று பிரித்து ஏற்றினாலும் தாளில் உள்ள எண் மாறாது. பட்டியல் அந்த எண்ணையே சொல்லட்டும்.

எழுத்து உள்ள ஒவ்வொரு முகமும் ஒரு பக்கம். புரோநோட்டுக்கு முன், பின் என இரண்டு பக்கம். ஒப்புகை அட்டைக்கு இரண்டு. திரும்பி வந்த உறைக்கும் இரண்டு, ஏனென்றால் தபால்காரர் எழுதிய குறிப்பும் தேதி முத்திரையும் பல நேரம் ஆளுக்கொரு பக்கத்தில் இருக்கும். உங்கள் வழக்கில் பின்பக்க வரவு விட்டுப்போனால் ஆவணமே பாதியாகிவிடும்.

தரம் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), தாள் ஏ4. இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் கோப்பின் அளவு பற்றிய தலைவலி தீரும். 300 டி.பி.ஐ.யில் ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே ஏறக்குறைய 26 எம்.பி.; கறுப்பு-வெள்ளையில் சுமார் 1 எம்.பி.தான். எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, போர்ட்டல் ஏற்க மறுத்ததும் ஆன்லைன் கம்பிரசரில் போட்டு நசுக்குவதால்தான் எழுத்து மங்கி 'தெளிவில்லை' என்று வருகிறது. தட்டச்சுத் தாள்களுக்குக் கறுப்பு-வெள்ளை போதும். நோட்டீஸ் காப்பி, வங்கி விவரம் போன்றவற்றுக்குச் சாம்பல். வண்ணம் வேண்டியது புரோநோட்டு, உறை, ஒப்புகை அட்டை, வக்காலத்து ஆகியவற்றுக்கு மட்டும். கோப்புக்கு எவ்வளவு எம்.பி. வரை ஏற்கும் என்பது பதிவேற்றும் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்துக் கோப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புரோநோட்டைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்கவே கூடாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒரு கறுப்புத் திட்டாக மாறி, அதன் மேல் ஓடும் கையெழுத்து காணாமல் போகும். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது, கையெழுத்தின் கோடு ஸ்டாம்பின் மேல் ஏறி, பல் போன்ற விளிம்பைத் தாண்டித் தாளில் இறங்கும் அந்த இடம்தான். ஸ்டாம்ப் ஒட்டிய பிறகு கையெழுத்தாகி ரத்து செய்யப்பட்டது என்பதைக் காட்டுவது அதுவே. ஸ்டாம்ப் சரியில்லாத புரோநோட்டை அபராதம் கட்டி ஏற்க வைக்க முத்திரைச் சட்டம் 35-ஆம் பிரிவில் வழி இல்லை என்பதால், எதிர்த்தரப்பு முதலில் உற்றுப் பார்ப்பது அங்கேதான். தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க வரவின் மை முன்பக்கத்தில் தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்யுங்கள், தெரியாது.

போனில் எடுக்கும் ஸ்கேனர் செயலிகள் 'பளிச்' என்று ஆக்குகிறேன் என்று வெளிர் ஊதா முத்திரையையும் பென்சில் எழுத்தையும் அழித்துவிடும், ஓரத்தையும் வெட்டும். வேறு வழியில்லை என்றால் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள்.

தபால் ரசீது வெப்ப அச்சுத் தாள். மாதங்களில் மங்கும், லாமினேட் செய்தால் சூட்டில் கறுத்துவிடும். நோட்டீஸ் அனுப்பிய அன்றே ஸ்கேன் செய்து வைப்பதை ஆபீஸ் வழக்கமாக்குங்கள். சிறு ரசீதுகளை ஒரு ஏ4 தாளில் ஓரம் மட்டும் ஒட்டி, யாருக்கு அனுப்பியது என்று பக்கத்தில் எழுதி, அந்தத் தாளையே ஒரு பக்கமாக ஸ்கேன் செய்யலாம்.

தேடல் விஷயம் எழுத்துரு பிரச்சினை. பிராது பாமினியிலோ பழைய வானவில் எழுத்துருவிலோ தட்டச்சாகியிருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். பி.டி.எஃபில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. வராவிட்டால் மாற்றியில் போட்டு மாற்றி, முழுவதும் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். கொ, கோ போன்ற ஒகர எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும்தான் மாற்றத்தில் உடையும். பெயர், சர்வே எண், தொகை மூன்றையும் தாளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஆதார் ஈ-சைன் அல்லது டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்று) டோக்கனால் கையொப்பமிடுவதானால் வேர்டிலிருந்து நேராக பி.டி.எஃப். ஆக்குங்கள். பேனாவால் கையெழுத்தாகிற பிரதியானால் ஸ்கேன் செய்து தமிழ் ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்கும் மென்பொருள்) ஓட்ட வேண்டும்.

பழைய_சிரஸ்தார்

மேலே சொன்னது முழுவதும் சரி. நான் நீதிமன்றச் சரிபார்ப்பு மேசையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கோர்ட் ஃபீ முதலில். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு பணவசூல் வழக்குக்கு 3 சதவீதம், ஆக 15,600 ரூபாய். ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷனின் ஈ-கோர்ட் ஃபீ ரசீது என்றால், ஒரு தாக்கலில் பயன்படுத்தியதும் அது பூட்டப்படும். மறுபடி இன்னொரு தாக்கலில் போட முடியாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. நீங்கள் ரிட்டர்னைத் திருத்தாமல் புதுத் தாக்கல் தொடங்கியதுதான் சிக்கல். முதல் தாக்கலுக்குள் போய், குறைகளைக் காட்டும் பகுதியில் மாற்று ஆவணங்களை ஏற்றி மறுசமர்ப்பிப்பு செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிடுங்கள். ரசீது எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் நடக்கும் குழப்பத்தாலும் இதே குறை வரும். பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்) தனி, அதை இதோடு சேர்க்காதீர்கள். தொகை சிறிது குறைந்துபோனால் பயப்பட வேண்டாம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 149-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமதித்தால் பின்னால் கட்டலாம். போர்ட்டலிலும் பற்றாக்குறை ஃபீக்குத் தனி வசதி இருக்கிறது.

அடுத்தது, பலரும் அலட்சியமாகச் செய்வது: போர்ட்டல் படிவம். பி.டி.எஃபை நீதிபதி படிப்பார், படிவத்தில் நீங்கள் தட்டச்சு செய்வதை கணினி படிக்கும். வழக்கு நிலை, வாய்தாப் பட்டியல், சம்மன் எல்லாவற்றுக்கும் பெயர் அங்கிருந்துதான் போகிறது. பிராதில் 'த/பெ. இராமசாமி', படிவத்தில் 'ராமசாமி' என்று இருந்தால் சம்மன் ஒரு பெயரிலும் பிராது ஒரு பெயரிலும் போகும், பிறகு அதைத் திருத்த ஒரு இடைக்கால மனு. தமிழ்ப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பிரதிவாதியின் கைபேசி, மின்னஞ்சல் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 5-ஆம் கட்டளை 9-ஆம் விதி மின்னஞ்சல் வழி சம்மன் சார்பு செய்வதையும் (சேர்ப்பிப்பதையும்) அனுமதிக்கிறது. உங்கள் பக்கக் கைபேசி எண் வக்கீலுடையதாகவோ, தினமும் பார்க்கிற ஆபீஸ் எண்ணாகவோ இருக்கட்டும். குமாஸ்தாவின் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் வேலை மாறிப் போனால் ரிட்டர்ன் குறுஞ்செய்தி யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சமர்ப்பித்ததும் வருவது ஈ-ஃபைலிங் எண், அது வந்துசேர்ந்ததற்கான அடையாளம் மட்டும். சரிபார்த்து ஏற்றபின் கோப்பு எண், நம்பர் ஆனதும் (வழக்காகப் பதிவானதும்) அசல் வழக்கு எண். 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்தான் (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாள எண்) கடைசிவரை மாறாமல் கூட வருவது. கட்டின் முகப்பில் அதையும் எழுதி வையுங்கள்.

வக்காலத்தில் வக்கீல்கள் சேமநல நிதி ஸ்டாம்ப் ஸ்கேனில் தெரிய வேண்டும். பிராதின் கீழே சரிபார்ப்புப் பத்தி, அதோடு 6-ஆம் கட்டளை 15(4)-இன்படி தனி அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்). இந்த அபிடவிட் இல்லாமல் வருகிற பிராதுகள் இன்னும் நிறைய. அதை சாதாரணக் குறை என்று நினைக்காதீர்கள், 4-ஆம் கட்டளை 1(3) அப்படிப்பட்ட பிராது முறைப்படி தாக்கலானதாகாது என்று சொல்கிறது.

ஒரிஜினல்: 7-ஆம் கட்டளை 14-ஆம் விதி, வழக்குக்கு அடிப்படையான ஆவணத்தைப் பிராதோடு தாக்கல் செய்யச் சொல்கிறது. 13-ஆம் கட்டளை 1-ஆம் விதி, நகல் கொடுத்தவற்றின் ஒரிஜினலை எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையும் நாளிலோ அதற்கு முன்போ தரச் சொல்கிறது. ஸ்கேன் ஏற்றியதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. புரோநோட்டு வழக்கில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரிஜினல் கேட்பார்கள். கண்ணாடிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் ஈ-ஃபைலிங் எண்ணும் பட்டியலின் வரிசை எண்ணும் எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். கட்டுக்குப் போடும் பென்சில் எண்ணை நோட்டின் ஒரிஜினல் மேல் மட்டும் எழுத வேண்டாம், அதன் நகலில் போடுங்கள்; துளை போடவும் கூடாது. அது தொலைந்தால் 7-ஆம் கட்டளை 16-ஆம் விதிப்படி ஈட்டுறுதி கொடுத்து வழக்கு நடத்தும் நிலை வரும்.

ஹேஷ்63

வாட்ஸ்அப், வங்கி விவரம் பற்றி மட்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டு, அதை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுவது மோசமான வழி. செயலியிலேயே உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அந்த உரைக் கோப்பு, அதிலுள்ள படங்கள், முதல் பிரதிவாதியின் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகிய மூன்றையும் ஒரு கோப்புறையில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும். 'நேற்று' என்று மட்டும் காட்டுகிற படத்தால் பயன் இல்லை.

1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் 63(4) மின்னணுப் பதிவுகளோடு தரச் சொல்லும் சான்றுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் கருவியை வைத்திருப்பவர், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற சரம்) எழுத இடம் உண்டு, அதைக் கணக்கிடும் முறைகளில் எஸ்.எச்.ஏ.256 தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த முறையைக் குறிப்பிட்டு 'சர்ட்யூட்டில்' (certutil) கட்டளையைக் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும் என்பதால், ஹேஷ் எடுத்த கோப்பைத் தொடவே கூடாது. படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடச் சுருங்கி வேறு கோப்பாகிவிடும். பென்டிரைவில் ஒரு பிரதி, சீல் வைத்த உறையில்.

இதே காரணத்தால், மின்கையொப்பம் உள்ள பி.டி.எஃப்.களை மற்ற ஆவணங்களோடு ஒட்டாதீர்கள். பதிவுத்துறை இணையத்தில் எடுத்த வில்லங்கச் சான்றோ வங்கி கையொப்பமிட்ட கணக்கோ, பக்க எண் அச்சிட்டாலும் ஓ.சி.ஆர். ஓட்டினாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். அவற்றைத் தனிக் கோப்பாக அப்படியே ஏற்றி, தொடர் எண் போட்ட பிரதியைக் கட்டில் சேர்த்து, பட்டியலில் இரண்டையும் குறிப்பிடுங்கள். வங்கி அனுப்பும் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கும். பூட்டிய கோப்பை நீதிமன்றத்தில் திறக்க முடியாது. கடவுச்சொல் நீக்கிய பிரதியை ஏற்றுங்கள், மின்னஞ்சலில் வந்ததை அழிக்காமல் வையுங்கள். நிரூபிக்க எப்படியும் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தின் 2-ஏ சான்று தேவைப்படும், அதற்கு இப்போதே வங்கிக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆதார் எண், தொடர்பில்லாத கணக்கு வரிகள் ஆகியவற்றை மறைக்கும்போது கறுப்புப் பெட்டி வரைந்தால் போதாது. பெட்டியை நகர்த்தினால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கெடுநாள்

19 நாள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்குக் கால வரையறைச் சட்டத்தின் 35-ஆம் இனப்படி நோட்டுத் தேதியிலிருந்து 3 ஆண்டு. தாமத மன்னிப்புக்கான 5-ஆம் பிரிவு வழக்குக்குப் பொருந்தாது, மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். ஒரு நாள் தவறினால் 3-ஆம் பிரிவின் கீழ் தள்ளுபடி.

போர்ட்டலில் 'வரைவு' என்று சேமித்துவைத்தது தாக்கல் ஆகாது. கடைசிப் பொத்தானை அழுத்தி ஈ-ஃபைலிங் எண்ணும் நேரமும் வந்த பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், அச்சும் எடுங்கள். சர்வர் வேலை செய்யவில்லை என்ற காரணத்தை நம்பிக் கடைசி நாள்வரை போகக் கூடாது. ஈ-சைனுக்கு வரும் ஓ.டி.பி. தாமதமாகி அமர்வு முடிந்துபோவது, ஃபீ கட்டிய பணம் வங்கியில் பிடிக்கப்பட்டு ரசீது வராமல் நிற்பது இரண்டும் சகஜம். பணம் போய் ரசீது வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாமல் பரிவர்த்தனை நிலையை முதலில் பாருங்கள். உங்கள் நீதிமன்ற வளாகத்தில் ஈ-சேவை மையம் இருந்தால் ஸ்கேன், பதிவேற்றம் இரண்டுக்கும் அங்கே உதவி கிடைக்கும்.

ரிட்டர்ன் ஆன பிராதைக் கொடுத்த அவகாசத்துக்குள் மறுசமர்ப்பிப்பு செய்யுங்கள். அவகாசம் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட வேண்டிவரும். பழைய_சிரஸ்தார் சொன்னபடி முதல் தாக்கலையே திருத்துவது காலக்கெடுவுக்கும் நல்லது, அந்தத் தேதி கையில் நிற்கும்.

கட்டும்கணினியும்

ஒரு கருத்து. மின்தாக்கல் கட்டாயம் என்றபோது வக்கீல்கள் எதிர்த்ததற்கு முக்கியக் காரணம் இரட்டை வேலை. கணினியில் ஒருமுறை, அதே கட்டைக் காகிதத்தில் இன்னொருமுறை. இந்தக் குறை நியாயமானது. ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது; அதில் நீதிபதியின் மேசையில் இரண்டு திரை, குமாஸ்தாக்களுக்குப் பயிற்சி என்பவை வந்து சேராத நீதிமன்றத்தில் காகிதம் போகவே போகாது. சிங்கப்பூரில் 2013 முதல் உள்ள ஈ-லிட்டிகேஷனில் தாக்கல் செய்த அதே இடத்திலிருந்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சார்பும் ஆகிவிடுகிறது. இங்கே தாக்கல் மட்டும் மின்வழி. சம்மன் இன்னும் பேட்டா கட்டி அமீனா (சம்மன் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியர்) கையில்தான் போகிறது. அமீனா போய்வந்ததை என்ஸ்டெப் செயலி பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதனால் இரண்டு பிரதிவாதிகளுக்கும் பிராது நகல் காகிதத்தில் கொடுத்தாக வேண்டும், அதிலும் அதே தொடர் எண் இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் '23-ஆம் பக்கம் பாருங்கள்' என்றால் நீதிபதி, சாட்சி, இரு வக்கீல்கள் நால்வரும் ஒரே தாளைத் திறக்க வேண்டும். அது நடக்கிற இடத்தில்தான் மின்தாக்கலால் நேரம் மிச்சமாகிறது.

நோட்டுவழக்கு

எல்லாருக்கும் நன்றி. முதல் தாக்கலைத் திறந்தேன், குறைகள் பகுதியில் மாற்றுக் கோப்பு ஏற்ற இடம் இருக்கிறது. ஒரு சந்தேகம். பின்பக்க வரவு போன வருஷத் தேதியில் இருக்கிறது, முதல் பிரதிவாதி கையெழுத்திட்டிருக்கிறார். அதிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்தானே? அப்படியானால் 19 நாளுக்கு அவசரப்பட வேண்டியதில்லையே?

கெடுநாள்

அவசரப்பட்டே ஆக வேண்டும் சார். கால வரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணம் கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்டோ வரவு இருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதுக் காலம் தருகிறது. ஆனால் 20(2)-இன்படி, சேர்ந்து கடன்பட்டவர்களில் ஒருவர் கட்டியதால் மட்டும் மற்றவர் மேல் காலம் நீளாது. மூன்று வருஷம் தாண்டினால் இரண்டாம் பிரதிவாதி தப்பித்துவிடுவார். முதல் பிரதிவாதியும் வரவு தன் கையெழுத்தில்லை என்றால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்.

நோட்டுத் தேதிக் கணக்குக்குள்ளேயே மறுசமர்ப்பிப்பை முடித்துவிடுங்கள். வரவையும் பிராதில் தேதி, தொகையோடு சொல்லுங்கள், வட்டிக் கணக்கிலும் கழியுங்கள். அந்த வரவுத் தொகையைக் கழித்த பிறகுதான் 5,20,000 வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபீயும் மாறும்.